அப்பாவின் பழைய கம்பியூட்டர் வேலை செய்யவில்லை, உள்ளே இருக்கும் படங்களையும் எழுத்துகளையும் எடுக்க வழி இருக்கிறதா?

கடற்கரை ஒழுங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய அறையை இப்போதுதான் ஒதுக்கத் தொடங்கியிருக்கிறோம். அங்கே அவர் பாவித்த டெஸ்க்டொப் ஒன்று இருக்கிறது, 2006 அளவில் வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பி. சுவிட்சைப் போட்டால் உள்ளே ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது, திரையில் ஒன்றுமே வருவதில்லை.

அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். போரால் மூடியிருந்த, வடக்குக்குப் போகும் ஏ9 பாதை 2002இல் திறந்தபிறகு, அடுத்த வருடம் நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போனோம். அப்பா அப்போது வாங்கிய டிஜிட்டல் கமராவில் எடுத்த படங்கள் அதில்தான் இருக்க வேண்டும். அந்த வீடு இப்போது இல்லை, படத்தில் நிற்கிற பெரியவர்களில் பலர் இல்லை, எங்களிடம் பிரிண்ட் போட்டது ஒன்றிரண்டுதான். அதைவிட, அப்பா ஓய்வு பெற்றபிறகு எங்கள் குடும்பத்துக் கதையை எழுதிக்கொண்டிருந்தார், யார் யாருக்குப் பிள்ளை, எந்தக் காணி யாரிடமிருந்து வந்தது, கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடைய உபயம் என்று எல்லாம். அதை அவர் யாருக்கும் அனுப்பவில்லை, முடியட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பக்கத்தில் ஒரு திருத்துகிற கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர் திறந்துகூடப் பார்க்காமல், "இவ்வளவு பழசு என்றால் ஹார்ட் டிஸ்க்கும் போயிருக்கும், புதுசு ஒன்று வாங்குங்கோ" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்மா அன்றைக்கு இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை.

இதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: உண்மையிலேயே எல்லாம் போயிருக்குமா? இன்னொன்று, அந்தக் கம்பியூட்டருக்கு அப்பா பாஸ்வேர்ட் போட்டிருந்தார், அது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.


திருத்து மேசை எழுதியது:

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், கம்பியூட்டர் எழும்பவில்லை என்பதற்கும் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. நான் பம்பலப்பிட்டிப் பக்கம் நீண்ட காலமாக இந்த வேலைதான் செய்கிறேன். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நிற்பது பெரும்பாலும் பவர் சப்ளையில் உள்ள கோளாறு, இல்லாவிட்டால் மதர்போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஊதியிருக்கும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் இப்படி நின்ற மெஷின்கள் மேசை நிறைய வந்தன, அநேகமானவற்றில் டிஸ்க் நல்லாகவே இருந்தது. பெட்டியைத் திறக்காமல் டிஸ்க்கைப் பற்றி ஒருவராலும் எதுவும் சொல்ல முடியாது.

கம்பியூட்டரைத் திருத்த வேண்டாம், அதில் காசைப் போடாதீர்கள். டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பக்கத் தகட்டைத் திறந்தால் முன்பக்கத்தில் ஒரு சின்னப் புத்தக அளவில் இரும்புப் பெட்டி இருக்கும், இரண்டு பக்கமும் ஸ்க்ரூ. கழற்றமுன் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள், எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியும்படி.

பிறகு பின்பக்கத்தைப் பாருங்கள். அகலமான தட்டை வயரும் இரண்டு வரிசையாக ஊசிகளும் இருந்தால் அது ஐடிஈ, மொத்தம் 40 ஊசிக்கான இடம், நடுவில் ஒன்று இல்லாமல் இருக்கும், அது உடைந்ததல்ல, மாறிச் செருகாமல் இருக்க அப்படி விட்டிருக்கிறார்கள். ஒடுக்கமான, எல் வடிவப் பள்ளம் உள்ள இணைப்பு என்றால் அது சாட்டா. 2006 என்றால் இரண்டில் எதுவும் இருக்கலாம். இரண்டுக்கும் பொதுவான யூஎஸ்பி அடப்டர் இருக்கிறது, பம்பலப்பிட்டியில் கம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: தனியாகச் சுவரில் செருகும் பவர் அடப்டரும் கூட வர வேண்டும். டெஸ்க்டொப் டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவது, யூஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். லெப்டொப் டிஸ்க்குக்குப் போதும், இதற்குப் போதாது. இது தெரியாமல் வெறும் வயரை வாங்கிச் செருகிவிட்டு டிஸ்க் சுற்றவில்லை, செத்துவிட்டது என்று கொண்டுவருகிற ஆக்கள் நிறைய.

ஐடிஈ என்றால் ஊசிகளுக்குப் பக்கத்தில் ஜம்பர் என்கிற, இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி ஒன்று இருக்கும், டிஸ்க்கின் லேபிளிலேயே படம் போட்டிருப்பார்கள், அதை மாஸ்டர் என்ற இடத்தில் வைக்க வேண்டும். பவர் பிளக்கின் இரண்டு மூலை சரிவாக இருக்கும், அது பொருந்துகிற பக்கமாகத்தான் போகும், பலவந்தமாக அமத்தாதீர்கள், திருப்பிச் செருகினால் டிஸ்க்கின் அடியில் இருக்கிற சர்க்யூட் போர்ட் எரிந்துவிடும். எல்லாவற்றையும் பூட்டி, பவரைப் போட்டு, டிஸ்க் சுற்றத் தொடங்கி ஒரு நிமிடம் போனபிறகு யூஎஸ்பியை லெப்டொப்பில் செருகுங்கள்.

அந்த ஒரு நிமிடமும் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேளுங்கள். சீராக ஒரு இரைச்சல் என்றால் நல்ல விஷயம். டிக், டிக், டிக் என்று ஒரே தாளத்தில் தட்டினால் உடனே பவரை நிற்பாட்டுங்கள், இன்னொரு தரம் போட்டுப் பார்க்க வேண்டாம். உள்ளே வாசிக்கிற தலை பழுது என்று அர்த்தம், ஒவ்வொரு தரம் போடும்போதும் அது தகவல் பதிந்திருக்கிற தட்டைச் சுரண்டிக்கொண்டே போகும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். செருகியதும் விண்டோஸ் "இந்த டிஸ்க்கைப் போர்மட் செய்ய வேண்டும்" என்று கேட்டால் கேன்சல். பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டாலும் கேன்சல். அது என்ன கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.


கொட்டாஞ்சேனை எழுதியது:

சத்தம் வந்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு இரவு ஃபிரிஜ்ஜின் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் வேலை செய்யும் என்று என் மச்சான் சொல்கிறான். அவனுடைய ஒபிஸில் யாரோ செய்து பார்த்திருக்கிறார்களாம்.


திருத்து மேசை எழுதியது:

தம்பி, தயவுசெய்து வேண்டாம். அந்தக் கதை மிகவும் பழைய டிஸ்க்குகளின் காலத்தில் வந்தது, அப்போதும் அது கடைசி முயற்சிதான். கொழும்பு ஈரப்பதனில் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்த எந்தச் சாமானும் அடுத்த நிமிடமே வேர்க்கும், நீங்களே ஒரு சோடாப் போத்தலை வைத்துப் பாருங்கள். டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது, அதனால் தட்டிலும் ஈரம் படியும். சுற்றுகிற தட்டுக்கும் தலைக்கும் இடையில் இருக்கிற இடைவெளி ஒரு தூசியை விடக் குறைவு, அதில் ஒரு துளித் தண்ணீர் என்றால் பிறகு எந்தப் பெரிய ஆய்வுக்கூடத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதே காரணத்துக்காகத்தான் மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது என்று சொல்வது, வீட்டு ஃபேனுக்குக் கீழே திறந்தால் அத்தோடு சரி.

சத்தம் வருகிற டிஸ்க்கை இதையே தொழிலாகச் செய்கிற இடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும், கொழும்பில் இருக்கிறார்கள். கொடுக்கமுன் தூசி வடிகட்டிய இடத்தில் வைத்துத் திறக்கிறீர்களா, மாற்றுத் தலை வைத்திருக்கிறீர்களா, எடுக்க முடியாவிட்டால் கட்டணம் என்ன என்று மூன்றையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் டிஸ்க்கைக் கையிலேயே வைத்திருங்கள், அலுமாரியில் இருந்தால் அது சீக்கிரத்தில் இன்னும் மோசமாகப் போகாது.

வெள்ளவத்தை என்றபடியால் இன்னொன்றும் சொல்கிறேன். கடல் பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து வருகிற டிஸ்க்குகளில் அடியில் இருக்கிற பச்சைப் போர்ட் உப்புக்காற்றில் கறுத்திருக்கும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ நாலைந்தைக் கழற்றி அந்தப் போர்டைத் திருப்பினால், டிஸ்க்கின் உள்பக்கத்தோடு தொடுகிற சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை வெள்ளியாக மினுங்க வேண்டும், கறுத்துப்போயிருந்தால் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, பொடியை ஐசோபுரோபைல் அல்ககோலில் துடைத்து மறுபடி பூட்டுவேன். சுற்றுகிறது ஆனால் கம்பியூட்டருக்குத் தெரியவில்லை என்ற டிஸ்க் சிலது இதிலேயே சரிவந்திருக்கிறது. கை பழகாதவர்கள் செய்ய வேண்டாம், கடையில் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள்.


தெஹிவளை டீச்சர் எழுதியது:

பக்கத்தில் நில்லுங்கள் என்று அவர் சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன் மகள். பழைய கம்பியூட்டரில் வெறும் படம் மட்டும் இருப்பதில்லை. அடையாள அட்டை ஸ்கேன், காணி உறுதியின் பிரதி, வங்கிக் கடிதம், வீட்டுப் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு அல்பம், வெளிநாட்டு விசாவுக்குக் கொடுத்த அத்தனை பத்திரமும் அதற்குள்தான் இருக்கும். ஒரு வாரம் வைத்துவிட்டுப் போங்கோ என்று சொல்கிற இடத்தில் கொடுக்கவே வேண்டாம். உங்கள் கண்முன்னால் கொப்பி பண்ணச் சொல்லுங்கள், அவர்களுடைய மெஷினில் ஒரு பிரதி மிஞ்சக் கூடாது, பழைய டிஸ்க்கையும் கையோடு வாங்கி வாருங்கள்.


பழைய பிலிம் எழுதியது:

பாஸ்வேர்ட் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கவலைப்பட வேண்டாம் அக்கா, எக்ஸ்பியில் உள்நுழையப் போடுகிற பாஸ்வேர்ட் வாசல் கதவுக்குப் போட்ட பூட்டு மட்டும்தான், உள்ளே இருக்கிற ஃபைல்களை அது பூட்டுவதில்லை. டிஸ்க்கை வேறு மெஷினில் செருகினால் அந்தப் பாஸ்வேர்டை யாரும் கேட்கப்போவதில்லை. "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று மட்டும் வரும், ஏனென்றால் அந்தப் போல்டர் அப்பாவின் பெயரில் இருக்கிறது. தொடர் என்று அமத்தினால் விண்டோஸ் அனுமதிகளை மாற்றி எழுதிவிட்டுத் திறந்துவிடும். ஆனால் பழைய டிஸ்க்கில் எதையும் எழுதாமல் இருப்பது நல்லது, அதனால் நான் லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து மெஷினைத் தொடங்கி வாசிப்பேன், அது இந்த அனுமதிகளைப் பொருட்படுத்தாது. எக்ஸ்பி புரொபெஷனலில் ஃபைல் பெயர்கள் பச்சை நிறத்தில் தெரிந்தால் மட்டும் அது வேறு கதை, அவை உண்மையாகவே பூட்டப்பட்டவை. எக்ஸ்பி ஹோமில் அந்த வசதியே கிடையாது.

புது லெப்டொப் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுத்தான் இருக்கும், 48 இலக்கத் திறப்பு இல்லாமல் ஒருவராலும் திறக்க முடியாது. அந்த இலக்கம் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், மெஷின் நல்லாக இருக்கும்போதே அதைப் பார்த்து எழுதிவையுங்கள்.

இனி எங்கே தேடுவது என்பது. எல்லோரும் மை டொக்குமென்ட்ஸை மட்டும் அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் மனவருத்தம். எக்ஸ்பியில் 'டொக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற போல்டருக்குள் அப்பாவின் பெயரில் ஒரு போல்டர் இருக்கும், அதை முழுவதுமாக, மறைந்திருப்பவை உட்பட எடுங்கள். அதற்குள் அவர் டெஸ்க்டொப்பில் வைத்தவை இருக்கும், வயதானவர்கள் முக்கியமானதை எல்லாம் டெஸ்க்டொப்பில்தான் வைப்பார்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பாவித்திருந்தால் அவருடைய ஈமெயில் முழுக்க டிபிஎக்ஸ் என்று முடிகிற ஃபைல்களாக மறைந்த போல்டர் ஒன்றில் கிடக்கும். வெளிநாட்டில் யாருடனாவது ஸ்கைப்பில் கதைத்திருந்தால், ஸ்கைப் போல்டருக்குள் 'மெயின்' என்ற பெயரில் டிபி என்று முடிகிற ஒரே ஒரு ஃபைல், எழுதிக் கதைத்தது அவ்வளவும் அதில் இருக்கும். ஸ்கைப்பை 2025 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள், ஆனால் இந்த ஃபைல் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள வகை, அதைத் திறக்கிற எந்த இலவச மென்பொருளிலும் வாசிக்கலாம். நொக்கியா போனின் பேக்கப் என்பியூ என்று முடியும், அதற்குள் அப்போதைய எஸ்எம்எஸ்ஸும் இலக்கங்களும்.

அப்புறம், படங்கள் இருந்த போல்டர்களில் 'தம்ப்ஸ்' என்ற மறைந்த ஃபைல் ஒன்று இருந்தால் அழித்துவிடாதீர்கள். எக்ஸ்பி ஒவ்வொரு போல்டரிலும் படங்களின் சின்ன வடிவங்களை அதில் போட்டுவைக்கும். பெரிய படம் பழுதாகிப்போனாலும் முத்திரை அளவிலாவது ஒரு முகம் அதிலிருந்து கிடைக்கலாம்.


கடற்கரை ஒழுங்கை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. திருத்து மேசை அண்ணா சொன்னபடியே கழற்றினோம். ஐடிஈ தான், லேபிளில் 80 ஜிபி என்று இருக்கிறது. அடப்டர் யூனிட்டி பிளாசாவில் கிடைத்தது, முதல் கடையில் வெறும் வயரைத்தான் தந்தார்கள், 12 வோல்ட் அடப்டரோடு வேண்டும் என்று கேட்டதும் வேறு கடையைக் காட்டினார்கள்.

டிஸ்க் சீராகச் சுற்றுகிறது, தட்டுகிற சத்தம் இல்லை. செருகியதும் இரண்டு டிரைவ் தெரிந்தது. ஒன்று உடனே திறந்தது, அதில் பாட்டு, என்னுடைய பாடசாலைப் படங்கள், தம்பியின் கேம்ஸ். மற்றது திறக்கவில்லை, போர்மட் செய்யச் சொல்லிக் கேட்கிறது. கேன்சல் கொடுத்துவிட்டு யூஎஸ்பியைக் கழற்றிவிட்டேன். அப்பாவின் எழுத்தும் ஊர்ப் படங்களும் திறந்த பக்கத்தில் இல்லை, அதனால் அந்த மற்றதில்தான் இருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறா. என்ன செய்வது?


திருத்து மேசை எழுதியது:

மிக நல்ல நிலைமை இது தங்கச்சி. ஒரு பக்கம் திறக்கிறது என்றால் மோட்டார், தலை, போர்ட் மூன்றும் வேலை செய்கிறது. மற்றப் பக்கத்தில், எது எங்கே இருக்கிறது என்ற விவரம் எழுதிய ஆரம்ப இடத்தில் ஏதோ வாசிக்க முடியாமல் போயிருக்கிறது. விண்டோஸுக்கு அந்த முதல் துண்டு விளங்காவிட்டால் மிச்சம் முழுவதும் இருந்தாலும் போர்மட் செய்யட்டுமா என்றுதான் கேட்கும்.

இனிச் செய்கிற வேலை எதையும் அந்த டிஸ்க்கில் நேரடியாகச் செய்யக் கூடாது. முதலில் டிஸ்க்கை அப்படியே, வெறுமையான இடம் உட்பட, ஒரு பெரிய ஃபைலாகப் படியெடுக்க வேண்டும். திறந்த பக்கத்தில் இருந்ததையும் இப்போதைக்குத் தனியாகக் கொப்பி பண்ண வேண்டாம், படியில் அதுவும் வந்துவிடும். ரெக்குவா மாதிரி மென்பொருளைப் போட்டு நேராக ஸ்கான் பண்ணச் சொல்லுவார்கள், நல்ல டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததை எடுக்க அது சரி, பலவீனமான டிஸ்க்கில் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து உள்ள உயிரையும் எடுத்துவிடும். விண்டோஸோடு வருகிற பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க் அதைவிட மோசம், விளங்காத ஃபைல்களைத் துண்டு துண்டாக வெட்டி இலக்கம் போட்டு ஒரு போல்டரில் கொட்டிவிடும்.

படியெடுக்க டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள். அது செய்கிற வேலை எனக்கு மிகவும் பிடித்தது: முதலில் சுலபமாக வாசிக்க முடிகிற இடங்களை எல்லாம் வேகமாக எடுத்துவிடும், மக்கர் பண்ணுகிற இடத்தைத் தாண்டிப் போய்விடும், எல்லாம் முடிந்தபிறகுதான் திரும்பி வந்து விட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் பார்க்கும். எது எடுத்தது, எது பாக்கி என்று ஒரு மெப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும், அதனால் இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மெப் ஃபைலைக் கொடுக்க மறந்தால் இந்த வசதி எதுவும் கிடையாது.

சிஸ்டம் ரெஸ்கியூ என்று ஒரு லினக்ஸ் இருக்கிறது, பென் டிரைவில் போட்டு அதிலிருந்து மெஷினைத் தொடங்கலாம், டிடிரெஸ்கியூவும், திறக்காத பிரிவிலுள்ள போல்டர்களைத் தேடிக் காட்டுகிற டெஸ்ட்டிஸ்க்கும் அதிலேயே வரும், உங்கள் லெப்டொப்பில் ஒன்றும் நிறுவ வேண்டியதில்லை. படி போய்ச் சேர ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க் வேண்டும், 80 ஜிபிக்கு மேல் வெறுமையாக, போர்மட் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் இருக்கக் கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை வைக்க முடியாது. எதிலிருந்து எதற்கு என்பதை மாறிக் கொடுத்தால் அப்பாவின் டிஸ்க் மேல் வெறுமை எழுதப்பட்டுவிடும். ஆகவே என்டர் அமத்தமுன் டிஸ்க்குகளின் பட்டியலில் அளவைப் பாருங்கள், 80 என்றோ, லினக்ஸ் வேறு முறையில் கணக்கிட்டால் 74.5 என்றோ காட்டுவதுதான் மூலம். கட்டளை வரி பழக்கமில்லை என்றால் யாராவது தெரிந்தவரைப் பக்கத்தில் இருத்துங்கள், இந்த ஒரு இடத்தில் துணை வேண்டும்.

படி கிடைத்தபிறகு டெஸ்ட்டிஸ்க்கை அந்தப் படி ஃபைல் மேல் ஓட்டுங்கள். எக்ஸ்பி டிஸ்க்குகளில் வழக்கமாக இருக்கிற என்டிஎஃப்எஸ் என்ற போர்மட்டில் ஆரம்பத் துண்டின் நகல் ஒன்று அந்தப் பிரிவின் கடைசியிலும் வைக்கப்பட்டிருக்கும், முன்னால் உள்ளது பழுதானால் பின்னால் உள்ளதை வைத்துப் போல்டர்களைக் காட்டச் சொல்லலாம். அப்படி வந்தால் பெயர், தேதி எல்லாம் இருந்தபடியே கிடைக்கும். வராவிட்டால் மட்டும் ஃபோட்டோரெக். அது ஃபைல் பெயர் எதையும் பார்க்காது, படம் தொடங்குகிற அடையாளத்தைத் தேடித் தேடிப் பொறுக்கும், ஆயிரக்கணக்கில் வெறும் இலக்கப் பெயரோடு கொட்டும். அப்போதும் ஊர்ப் படங்களைப் பிரிக்க வழி இருக்கிறது, கமரா எடுத்த தேதியைப் படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும், கமராவில் தேதி சரியாக இருந்திருந்தால் 2003 என்று வரிசைப்படுத்தினால் ஒன்றாக வந்து நிற்கும்.


கொட்டாஞ்சேனை எழுதியது:

அக்கா, லினக்ஸ் பக்கத்தில் நான் உதவி செய்யலாம், பல்கலைக்கழகத்தில் அதைத்தான் பாவிக்கிறோம். விருப்பம் என்றால் சனிக்கிழமை வீடியோ கோலில் வாருங்கள், நீங்கள் திரையைக் காட்டுங்கள், நான் ஒவ்வொரு வரியாகச் சொல்கிறேன். என்டர் அமத்தமுன் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கலாம்.


கடற்கரை ஒழுங்கை எழுதியது:

கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்னபடி இருந்து செய்தார், அவருக்கு எங்கள் வீட்டார் எல்லோருடைய நன்றியும். படியெடுப்பு மாலையில் தொடங்கி, விடிய எழும்பிப் பார்க்க முடிந்திருந்தது. வாசிக்க முடியாமல் மிஞ்சியது மிகக் கொஞ்ச இடம்தான். டெஸ்ட்டிஸ்க்கில் அந்தப் பின்னால் இருக்கிற நகலைப் பார்க்கச் சொன்னதும் போல்டர் பட்டியல் அப்படியே வந்தது. அப்பாவின் டெஸ்க்டொப்பில் 'ஊர் 2003' என்று ஒரு போல்டர். பழைய பிலிம் சொன்னது சரி, மை டொக்குமென்ட்ஸில் ஒன்றும் இல்லை, எல்லாம் டெஸ்க்டொப்பில்தான்.

படங்களில் சிலதில் கீழ்ப் பாதி சாம்பல் நிறமாக இருக்கிறது, மற்றவை நல்லாக இருக்கின்றன. கிணற்றடியில் அப்பாச்சி நிற்கிற படம் ஒன்று, அதை நாங்கள் யாரும் முன்பு பார்த்ததே இல்லை. அம்மா அதில் பின்னால் தெரிகிற மாமரத்தைக் காட்டி எந்தப் பக்கம் படலை, எந்தப் பக்கம் குசினி என்று சொல்லிக்கொண்டிருக்கிறா, தங்கச்சி அதை எழுதுகிறாள்.

இப்போது பிரச்சினை அப்பாவின் எழுத்து. வேர்ட் ஃபைல்கள் திறக்கின்றன, ஆனால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நெடுகக் கொட்டிக் கிடக்கிறது. இது பழுதா? வேர்ட் 2003இல் எழுதியது என்று நினைக்கிறேன்.


பழைய பிலிம் எழுதியது:

பழுதே இல்லை அக்கா, சந்தோஷப்படுங்கள். அது பாமினி. அந்தக் காலத்தில் இங்கே தமிழில் டைப் பண்ணிய அநேகம் பேர் பாமினி எழுத்துருவில்தான் டைப் பண்ணினார்கள், உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து, எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவைக் காட்டும். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் புள்ளி வைக்க அரைப்புள்ளி விசை, அதனால்தான் பக்கம் முழுக்க அரைப்புள்ளி தெரிகிறது. பாமினி எழுத்துருவை உங்கள் லெப்டொப்பில் போட்டுவிட்டு ஃபைலைத் திறந்து பாருங்கள், அப்பா எழுதியபடியே தெரியும்.

ஆனால் அதோடு விடாதீர்கள், எந்த மெஷினிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகள் திறக்கும்போது மறுபடி இதே கதை. பொங்குதமிழ் எழுத்துருமாற்றி, என்எச்எம் கன்வேர்ட்டர் இரண்டும் இலவசம். மாற்றமுன் மூல ஃபைலைத் தொடாமல் ஒரு பிரதியில் செய்யுங்கள். மாற்றியபிறகு கண்ணால் ஒருதரம் வாசிக்க வேண்டும், பாமினியில் கால்புள்ளி விசையில் இருப்பது 'இ' என்ற எழுத்து, அதனால் கால்புள்ளி வர வேண்டிய இடத்தில் பல தடவை 'இ' வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். பெயர்களை அடுக்கி எழுதிய இடங்களில் இது நிறைய வரும், வம்ச வரலாறு என்றால் பெயருக்குப் பெயர் இதைப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். ஆங்கிலச் சொல் இடையில் எழுதியிருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிக் குழப்பிவிடும், அந்த இடங்களை மூலத்தோடு வைத்துப் பாருங்கள். எங்கள் பெரியப்பா எழுதிய கோயில் வரலாற்றை இப்படித்தான் மாற்றினோம், உபயகாரர் பட்டியலில்தான் நேரம் போனது.


திருத்து மேசை எழுதியது:

சாம்பல் நிறமான படங்களுக்கு: அந்த மெப் ஃபைலை வைத்து, விட்ட இடங்களை மட்டும் இன்னும் சில தரம் வாசிக்கச் சொல்லலாம். டிஸ்க்கைச் சில மணித்தியாலம் ஆறவிட்டுத் தொடங்குங்கள். சிலவேளை ஒன்றிரண்டு துண்டு கூடக் கிடைக்கும். சத்தம் மாறினால் உடனே நிற்பாட்டிவிடுங்கள். அதற்கு முன் இப்போது கிடைத்திருப்பதை முழுவதும் இரண்டாவது டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பி பண்ணி, அது திறக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் படங்களையும் எழுத்தையும் அவர்களுக்கு அனுப்பிவிடுவது இன்னும் நல்லது, ஒரே வீட்டில் இரண்டு பிரதி என்றால் ஒரே மழை வெள்ளத்தில் இரண்டும் போகும், 2016 மேயில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கமிருந்து சேறோடு வந்த டிஸ்க்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய டிஸ்க்கை எறிய வேண்டாம், விற்கவும் வேண்டாம்.


கடற்கரை ஒழுங்கை எழுதியது:

சரி அண்ணா, அப்படியே செய்கிறேன். என் தம்பி கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான், அவனுக்கு இன்றைக்கே அனுப்புகிறேன். ஸ்கைப் ஃபைலும் கிடைத்தது, அவனும் அப்பாவும் எழுதிக் கதைத்தது, அதைத் திறப்பதா இல்லையா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வோம். பாமினி மாற்றியதில் முதல் அத்தியாயம் வாசிக்க முடிகிறது, 'இ' பிரச்சினை சொன்னமாதிரியே வருகிறது. டிபிஎக்ஸ் ஃபைல்கள் நாலு இருக்கின்றன, அவற்றை எதில் திறப்பது?


பழைய பிலிம் எழுதியது:

டிபிஎக்ஸ்ஸிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் ஈஎம்எல் என்ற ஃபைலாகப் பிரித்துத் தருகிற இலவசக் கருவிகள் இருக்கின்றன, பிரித்தபிறகு தண்டர்பேர்ட் என்ற இலவச ஈமெயில் மென்பொருளில் வாசிக்கலாம், இணைத்து அனுப்பிய படங்களும் கூடவே வரும். அனுப்பியவை என்ற பெட்டியின் ஃபைலை முதலில் பிரியுங்கள். எழுதியதை யாருக்கும் அனுப்பவில்லை என்கிறீர்கள், ஆனால் விவரம் கேட்டுச் சொந்தக்காரருக்கு எழுதியிருப்பார், ஆட்களின் பெயரும் ஊரும் அதில் இருக்கும்.